ஆற்றல் அழிவதில்லை, மீள்வதுமில்லை



திருக்கோயில் மணியை ஒருவர் அசைக்கின்றார். ஓசை எழுந்து பரவிச் சிறிது பொழுதில் அடங்குகின்றது. அடங்கிய ஓசை எங்கே சென்றது? திருவிளக்கில் வார்த்த எண்ணெய் விடியுமுன் வற்றுகின்றது. அதனுள் இருந்த வலிமை யாதாயிற்று? சிறு பிள்ளையும் கேட்கத்தக்க இவ்வினாக்களுக்கு விடை காணப் பேரறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர்.

பௌதிக நூலார் ஆற்றல் என்று கூறுவது வேலை செய்தற்குரிய திறனை. அஃது இயக்கம், வெப்பம், ஒளி, ஒலி, மின்சாரம் எனப் பல வடிவங்களில் நிற்கும். ஒரு வடிவினின்று மற்றொன்றாக மாறும். எள்ளுச் செடி பகலவன் ஒளியை இலைகளால் வாங்குகின்றது. வாங்கிய ஆற்றல் வித்தினுள் எண்ணெயாய் ஒடுங்குகின்றது. திரியில் ஏறி எரியுங்கால் மீண்டும் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகின்றது. ஆகவே நள்ளிரவில் கருவறையில் ஒளிர்வது முன்னொரு நாள் வயலிற் காய்ந்த வெயிலேயாம். மணியை அசைத்த கையின் வலிமையும் உண்ட சோற்றின் வழியே அவ்வெயிலினின்று வந்ததே.

இம்மாற்றத்தின் உண்மையைத் தெளிந்தவருள் ஒருவர் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் ராபர்ட் மேயர். 1840-ஆம் ஆண்டில் டச்சுக் கப்பலொன்றின் மருத்துவராய் ஜாவாத் தீவுக்குச் சென்றார். அக்கால மருத்துவ முறைப்படி மாலுமிகளின் கையிற் குருதி வடித்தபோது, சிரையின் குருதி வழக்கத்தினும் சிவந்திருக்கக் கண்டார். வெப்ப நாட்டில் உடற்சூட்டைக் காத்தற்கு உணவு எரிவது குறைவாதலின், குருதியிலுள்ள பிராணவாயுவும் குறைவாகவே செலவாகின்றது என எண்ணினார். அவ்வெண்ணம் வளர்ந்து, ஆற்றல் வடிவம் மாறுமேயன்றி அழியாது என்னும் முடிவாக 1842-இல் வெளிவந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்பவர் இதனை அளந்தே காட்டினார். நீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்து, கீழிறங்கும் எடைகளால் அதனைச் சுழற்றினார். நீர் சிறிதே சூடேறிற்று. 1 இராத்தல் நீரை 1 பாகை பாரன்ஹீட் சூடேற்ற, 772 இராத்தல் எடை 1 அடி இறங்குதல் வேண்டும் என 1850-இல் வெளியிட்டார். இன்று ஆற்றலின் அலகு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

உலகம் இவர்களை எளிதில் ஏற்றிலது. 1843-இல் கார்க் நகரத்து அறிஞர் அவையில் ஜூல் தம் முடிவைக் கூறியபோது அவை வாளாவிருந்தது. மேயரோ புறக்கணிப்பாலும் பிள்ளைகளை இழந்த துயராலும் நொந்து, 1850-இல் சாளரத்தினின்று குதித்தார், உயிர் பிழைத்தார். இலண்டன் இராயல் சொசைட்டியின் காப்ளிப் பதக்கம் 1870-இல் ஜூலையும் 1871-இல் மேயரையும் சேர்ந்தது.

உள்பொருள் இலதாகாது என்பது சித்தாந்தத்திற்கும் உடம்பாடே. எனினும் 772 என்னும் கணக்கைத் தந்தது ஆய்வுக்கூடமே. சாத்திரம் கூறும் சத்தி சித்து. பௌதிகம் கூறும் ஆற்றல் சடம், கருவிகொண்டு அளக்கப்படுவது. சொல்லொற்றுமை கண்டு இரண்டனையும் ஒன்றென மயங்குதல் சாத்திரத்திற்கும் நன்றன்று, பௌதிகத்திற்கும் நன்றன்று.

ஆற்றல் அழியாதெனின் அதனைப் போற்றிச் செலவிடுதல் எதற்கு என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவிற்கு விடை கண்டவர் பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்ஸனும், ஜெர்மானியராகிய கிளாசியஸும். மணியோசை சுவரிலும் காற்றிலும் மெல்லிய வெப்பமாய்ப் பரந்து கிடக்கின்றது. ஓர் அணுவளவும் குறைந்திலது. ஆயினும் அதனைத் திரட்டி மீண்டும் மணியை அடிக்கச் செய்தல் இயலாது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பகுதி இங்ஙனம் சிதறிப் பயன்படா நிலையை அடைகின்றது. அழியாதது ஆற்றல்; குறைவது அதன் பயன்.

கோபுரத்தை அணிசெய்யும் மின்விளக்குகளை எண்ணிப் பார்க்க. அவற்றின் ஒளி, மேட்டூரில் உயரத்தினின்று இறங்கும் நீரின் ஆற்றலாக இருக்கலாம். நெய்வேலியில் எரியும் பழுப்பு நிலக்கரியின் ஆற்றலாகவும் இருக்கலாம். அந்நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரஞ்செடிகள் வாங்கிச் சேமித்த வெயில். அதனை எரிக்குங்கால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே மின்சாரமாகின்றது. எஞ்சியது வெப்பமாய்க் காற்றிலும் நீரிலும் கலந்தொழிகின்றது.

ஆதலின் அன்பர்களே, விளக்கீடு செய்வோர் பொருளை மட்டும் வழங்குகின்றாரல்லர். காலங்காலமாய்த் திரண்ட பகலவன் செல்வத்தையும் வழங்குகின்றனர். நண்பகலில் வீணே எரியும் மின்விளக்கை நிறுத்துதலும், அந்தியில் திருவிளக்கிற்கு எண்ணெய் வார்த்தலும் ஒருநிகரான திருத்தொண்டுகளேயாம்.