"கிராக் குழந்தை"களும் தலையெழுத்தும்



கர்ப்பிணியான ஒரு பெண் லாகிரி வஸ்து உட்கொண்டால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு என்ன ஆகும், அப்படிப் பிறந்த சிசுவை எப்படி வளர்ப்பது என்கிற விஷயமாய் நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். இது வைத்தியர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, இந்த மேடையில் இதற்கென்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். வைத்தியர்கள் சொன்னதைப் பத்திரிகைக்காரர்களும் போலீசாரும் அரைகுறையாய்க் கேட்டுக்கொண்டு ஒரு தேசத்தில் ஆடிய கூத்தைத்தான் நாம் இப்போது சொல்லப் போகிறோம். முழுவதையும் கேட்டுவிட்டு, இது இந்த மேடைக்கு உரியதா அல்லவா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்கிறார்கள். எங்கேயாவது ஒரு பிள்ளை அப்படிப் பிறந்துவிட்டால், "அவள் அன்றைக்கு வெளியே வந்திருப்பாள்" என்று பழியைத் தாயின் தலையிலே போட்டுவிடுகிறார்கள். வெளியே வந்தும் நல்ல உதட்டோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. எழுத்து வாசனை இல்லாதவர்கள் இப்படிச் செய்தால் அதில் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் பெரிய பட்டம் பெற்றவர்கள் செய்ததுதான் ஆச்சரியம்.

கொக்கெயின் என்பது தென் அமெரிக்க மலைகளில் விளையும் கோக்கா என்னும் இலையிலிருந்து எடுக்கும் ஒரு லாகிரி. அந்தப் பொடியைச் சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் கல்லாகிறது. அந்தக் கல்லைக் கொளுத்திப் புகைக்கும்போது சடசடவென்று சத்தம் வருவதால் அதற்குக் கிராக் என்று பெயர். (நம்மூரில் கிராக் என்று ஆளைச் சொல்லுவது வேறு.) பொடி பணக்காரர் வஸ்துவாயிருந்தது. கல் சில்லறை விலைக்குக் கிடைத்ததால் 1980-களின் நடுவில் அந்நாட்டுப் பட்டணங்களில் ஏழைகள், அதிலும் கறுப்பர்கள், வசிக்கும் தெருக்களில் பரவிற்று.

1985-ல் சிகாகோ வைத்தியர்கள் சிலர், கொக்கெயின் உட்கொண்ட 23 கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். 23 பேரைக்கொண்டு ஒரு கிராமத்தைப் பற்றிக்கூட முடிவு கட்ட முடியாது. ஆனால் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு "கிராக் குழந்தை" என்று ஒரு பெயரையே உண்டாக்கிவிட்டன. இக்குழந்தைகள் அன்பு அறியா, படிப்பு ஏறாது, வளர்ந்தால் சிறைக்குத்தான் போகும் என்றார்கள். 1989-ல் வாஷிங்டன் நகரப் பத்திரிகையில் சார்லஸ் கிரௌத்தாமர் என்பவர், உடம்பிலேயே கீழான ஒரு புதுவகுப்பு பிறந்துகொண்டிருக்கிறது, அதன் தாழ்வு பிறவியிலேயே முத்திரையிடப்பட்டது என்கிற கருத்துப்பட எழுதினார். தோழர்களே! பிறவியிலேயே முத்திரை என்கிற இந்தப் பேச்சை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? இங்கே அதைச் சொல்ல பிரம்மாவின் பாதம் வேண்டியிருந்தது. அங்கே ஒரு புகைக்குழாய் போதுமானதாயிருந்தது.

இதற்கு எதிரான அத்தாட்சி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அதே 1989-ல் டொரொண்டோ வைத்தியர்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். குழந்தை வைத்தியர்கள் கூடும் மகாநாடு ஒன்றுக்கு இவ்விஷயமாய்ப் பத்து வருஷங்களில் வந்த கட்டுரைகளில், கொக்கெயினால் சிசுவுக்குக் கெடுதி என்று சொன்னவை 28. கெடுதி காணோம் என்று சொன்னவை 9. முதல் வகையில் 16 கட்டுரைகளை மகாநாட்டார் ஏற்றார்கள். இரண்டாவது வகையில் ஏற்றது ஒன்றே ஒன்று! படித்தவர்களும் தாங்கள் கேட்க விரும்பியதைத்தான் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

வெறும் எழுத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தென் கரோலினாவில் சார்லஸ்டன் நகர அரசாங்க ஆஸ்பத்திரியில் 1989 முதல் கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் சம்மதமில்லாமலே சோதித்து, லாகிரி தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு நடந்தது. பிரசவித்த பச்சை உடம்போடு கைவிலங்கிட்டுக் கொண்டுபோனதும் உண்டு. பிடிபட்டவர்கள் 30 பேர். அவர்களில் 29 பேர் கறுப்புப் பெண்கள். வெள்ளைக்காரப் பெண்கள் லாகிரியே தொடாதவர்களா? 2001-ல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், போலீசுக்காக இப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் செய்தது. 1986-ல் செய்த சட்டமோ இன்னும் விசேஷம். பொடி 500 கிராம் வைத்திருந்து விற்றால் என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே தண்டனை கல்லென்றால் 5 கிராமுக்கு. வஸ்து ஒன்றே, ஆள்தான் வேறு. மனுதர்மத்தைக் கடல் கடந்து யாரும் கொண்டுபோகவில்லை. அது தானாகவே அங்கும் முளைத்தது. 2010-ல்தான் அந்த நூறு மடங்கைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள்.

இனி, எண்ணிப் பார்த்த ஒரு அம்மையாரைப் பற்றிச் சொல்லுகிறோம். பிலடெல்பியா நகரில் ஹாலம் ஹர்ட் என்னும் குழந்தை வைத்தியர், 1989-க்கும் 1992-க்கும் இடையில் பிறந்த 224 குழந்தைகளைத் தேர்ந்து, இருபது வருஷத்துக்கு மேலாகத் தொடர்ந்து கவனித்து வந்தார். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளின் தாய்மார் கொக்கெயின் உட்கொண்டவர்கள், மீதிப் பேர் உட்கொள்ளாதவர்கள். இரு பக்கத்தாரும் ஏழைகள், இதுதான் முக்கியம். அம்மையாரும் கெடுதியைக் கண்டுபிடிக்கத்தான் புறப்பட்டார். நாலு வயதில் புத்தி அளவு பார்த்தார்கள். லாகிரிப் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சராசரி 79. மற்றப் பக்கத்துக்கு 81.9. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்நாட்டில் அந்த வயதுக்கு நடுத்தரம் என்று கொள்வது 90 முதல் 109 வரை. இரு பக்கமும் ஒன்றாகவே கீழே கிடந்தன! அப்படியானால் கொக்கெயின் தொடாத வீட்டுப் பிள்ளையைக் கீழே தள்ளியது எது?

அம்மையார் வீடுகளையும் தெருக்களையும் பார்க்கத் தொடங்கினார். ஏழு வயதுக் குழந்தைகளைக் கேட்டால், நூற்றுக்கு 74 பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்கள். 35 பேர் ஆளைச் சுடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள். 19 பேர் தெருவில் பிணம் பார்த்தவர்கள். ஏழு வயதில்! இப்படியானவற்றை அதிகம் கண்ட குழந்தைகளிடம் மனச்சோர்வும் பயமும் அதிகம் தெரிந்தன. பேசிச் சிரித்துக் கொஞ்சி வளர்க்கிற வீட்டுக் குழந்தைகள், தாய் லாகிரி உட்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலாயிருந்தன. லாகிரியைவிட ஏழ்மைதான் அதிகம் கெடுத்தது. ஆனால் ஏழ்மைக்காக எவரையும் கைவிலங்கிட முடியாதே. இட்டால் யாருக்கு இடுவது?

நாம் லாகிரிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. கிரகணம் சிசுவை ஒன்றும் செய்யாது, கொக்கெயின் செய்யும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடி அகாலத்தில் பிரியக்கூடும். குழந்தை குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கக்கூடும். கவனம் நிலைப்பதில் சிறு குறைகள் காணலாம். ஆனால் 2001-ல் பாஸ்டன் வைத்தியர்கள் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்து, ஆறு வயது வரையில் இந்தக் கெடுதி புகையிலை, சாராயம், வளரும் சூழ்நிலை இவற்றால் வருவதற்கு மேற்பட்டதென்று சொல்ல ஆதாரமில்லை என்றார்கள். சாராயத்தின் கெடுதியோ நிச்சயமானது. 1973-ல் சியாட்டில் வைத்தியர்கள் அதற்குத் தனிப்பெயரே இட்டார்கள். முகத்தின் அமைப்பு, வளர்ச்சி, மூளை மூன்றையும் அது பாதிக்கும். பாதித்தது திரும்பாது. கர்ப்பிணிக்கு இவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு அளவே கிடையாது. அதைத்தான் பல தேசங்களிலும் கடைபோட்டு விற்கிறார்கள், நம்மூரில் அரசாங்கமே விற்கிறது. "சாராயக் குழந்தை" என்று எந்தப் பத்திரிகையும் கூச்சலிடவில்லை.

அபினி இனமான ஹெராயின் முதலியவற்றுக்குச் சங்கதி வேறு. பிறந்து ஓரிரு நாட்களில் குழந்தை நடுங்கும், கீச்சென்று அழும், பால் சரியாய்க் குடிக்காது, கழிச்சல் உண்டாகும். வயிற்றிலிருக்கும்போது வந்துகொண்டிருந்த வஸ்து நின்றதனால் வரும் அவஸ்தை இது. இதைப் பார்த்து "பிறவிக் குடிகாரன்" என்பது முட்டாள்தனம். தேடி அலைந்து உட்கொள்ளுபவனல்லவா அடிமை? சிசு எதைத் தேடிப் போயிற்று? கர்ப்பிணியும் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடக்கூடாது. அது ஆபத்து. வைத்தியர் மேற்பார்வையில் மெத்தடோன் அல்லது புப்ரெனார்பின் கொடுத்துக் கவனிப்பதுதான் முறை. போலீசுக்குப் பயந்தவள் வைத்தியரிடம் எப்படி வருவாள்?

அந்தக் குழந்தைகளை வெகுகாலம் தாயிடமிருந்து பிரித்து, விளக்கும் மணியும் ஓயாத அறையில் வைத்து, மூன்று நாலு மணிக்கொருதரம் பிரித்துப் பார்த்து மார்க்குப் போட்டு, மார்க்கு ஏறினால் மார்பின் சொட்டு விட்டு வந்தார்கள். நியூ ஹேவன் நகர ஆஸ்பத்திரியில் மாத்யூ கிராஸ்மன் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டத்தாரும் இதை மாற்றினார்கள். குழந்தை பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரம் தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிஷத்தில் அடங்குகிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்தார்கள். வெளிச்சம் குறைந்த அறையில் தாயின் பக்கத்திலேயே விட்டு, துணியில் சுற்றி அணைத்துக்கொள்ளச் செய்தார்கள். வைத்தியத்தில் நிலையாயிருக்கும் தாயைத் தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார்கள். (தெருவில் வாங்கிய லாகிரியை விடாதவள் கொடுக்கக் கூடாது.) தாய்தான் முதல் மருந்து என்று வைத்துக்கொண்டார்கள். சராசரி 22.4 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தைகள் 5.9 நாளில் வீடு போயின. மார்பின் வேண்டியிருந்தது நூற்றுக்கு 98 என்பது 14 ஆயிற்று. 2017-ல் இதை வெளியிட்டார்கள். ஒரு ஊர்க் கதையாய் இருக்கலாம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள், சந்தேகப்பட வேண்டியதுதான். 26 ஆஸ்பத்திரிகளில் 1,305 குழந்தைகளைக்கொண்டு மறுபடி பரீட்சித்து 2023-ல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பத் தயாராக 14.9 நாள் ஆனது 8.2 ஆயிற்று.

இதற்கு நியூ ஹேவன் வரை போகவேண்டுமா, எங்கள் பாட்டிக்கே தெரியுமே என்று தாய்மார்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கிரகணத்தைப் பற்றிச் சொன்னவளும் அதே பாட்டிதான். ஒன்றை எண்ணிப் பார்த்தார்கள், நின்றது. மற்றொன்றுக்கு ஆதாரமே இல்லை, விழுந்தது.

இனி கேள்விகள் கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும், ஆண்கள் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.