கொப்பிக்குப் புள்ளி போடலாமா?

(எமது சங்கத்தின் வாசிப்பு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்தேன். அதற்கு மேல் படிக்கக் காலம் இடம் தரவில்லை. ஜேர்மனிக்கு வந்த நாள்தொட்டுத் தொழிற்சாலை வேலைதான். சங்கம் இந்த வருடம் "உங்கள் வாழ்க்கையை நீங்களே எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருந்தது. 14 பேர் கொப்பி தந்தார்கள். அவற்றை வாசித்துக் கருத்துச் சொல்ல மூன்று பேரை நியமித்தார்கள். அதில் நானும் ஒருவன்.

இதில் எல்லாருக்கும் உடன்பாடு இருக்கவில்லை. "நாங்கள் பட்ட பாட்டுக்கு நீங்கள் புள்ளி போடப் போறியளோ?" எண்டு ஒரு அம்மா நேரடியாகவே கேட்டவ. நியாயமான கேள்வி. அதற்கு என்னுடைய பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைக்குப் புள்ளி போட ஒருத்தருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு கொப்பி வாசிக்கிறவரிடம் போய்ச் சேருகிறதா, இல்லையா என்று பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும். "பாவம், கஷ்டப்பட்டதுகள், எழுதிப்போட்டுப் போகட்டும்" என்று சொல்லி வாசிக்காமல் அலுமாரியில் வைப்பது மரியாதை அல்ல, இரக்கம். எங்கள் சனத்துக்கு இரக்கம் போதியளவு கிடைத்துவிட்டது.

இப்படி வாசிப்பது எங்கள் கண்டுபிடிப்பும் அல்ல. இத்தாலியில் தொஸ்கானா மாநிலத்தில் பீவே சாந்தோ ஸ்தெஃபானோ என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 1944 ஓகஸ்டில் பின்வாங்கிக் கொண்டிருந்த ஜேர்மன் இராணுவம் கண்ணிவெடி வைத்து அந்த ஊரை ஏறக்குறைய முழுதாகவே தகர்த்தது. 40 வருடம் கழித்து, 1984இல், சவேரியோ துத்தீனோ என்ற பத்திரிகையாளர் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார். பிரபலமானவர்களின் எழுத்து அல்ல, சாதாரண சனத்தின் நாட்குறிப்பு, கடிதம், வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்க்கும் காப்பகம் அது. அந்த ஊர் ஆட்களும் அயலூர் ஆட்களும் குழுவாகக் கூடி, வந்தவற்றை வாசித்து, தங்களுக்குள் விவாதித்து, இறுதிச் சுற்றுக்குத் தெரிவு செய்கிறார்கள். வருடாவருடம் பரிசும் கொடுக்கிறார்கள். இந்த நாட்டிலும் பிரைபேர்க் நகருக்குப் பக்கத்தில் எம்மெண்டிங்கன் என்ற ஊரில் 1998இல் அப்படியொரு நாட்குறிப்புக் காப்பகம் தொடங்கப்பட்டது. அங்கேயும் சம்பளம் இல்லாத தொண்டர்கள்தான் வாசிக்கிறார்கள். ஆகவே தொழிற்சாலை வேலைக்காரன் வாசித்துக் கருத்துச் சொல்வதில் பிழையில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் மூவரும் மூன்று விஷயங்களைப் பார்த்தோம். எழுத்து, அமைப்பு, ஈர்ப்பு.

முதலில் எழுத்து. எங்கள் தொழிற்சாலையில் வேலை நேரம் மாறும்போது எழுதி வைக்கிற புத்தகம் ஒன்று உண்டு. போகிறவர் எழுதுவார், வருகிறவர் வாசிப்பார். "மெசின் சரியில்லை" எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை. "இரவு 2.10க்கு மூன்றாவது உருளை நிண்டது, பெல்ட் மாத்தினது, திரும்ப 2.40க்கு ஓடினது" எண்டு எழுதினால் வருகிறவருக்கு எல்லாம் விளங்கும். வாழ்க்கைக் குறிப்பும் அப்படித்தான். "சொல்லொணாத் துயரம் அடைந்தோம்" என்று ஐந்து கொப்பிகளில் இருந்தது. ஐந்திலும் அந்த வசனத்தைக் கடந்து போய்விட்டேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இன்னொரு கொப்பியில் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்ட இரவைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறா. மழை, நாவற்குழிப் பாலத்தடி நெரிசல், நகர முடியாமல் நிண்ட நேரம். கையில் இருந்த பால்மாப் பேணியின் மூடி துலைந்துபோக, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தாவாம். துயரம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. நான் அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பல கொப்பிகள் எங்கள் "கேஸ்" எழுதினமாதிரி இருந்தன. திகதி, இடம், யார் பிடித்தது, எத்தனை நாள் வைத்திருந்தது. இதற்குக் காரணம் உண்டு. இந்த நாட்டில் எங்கள் கதையை முதன்முதலாகக் கேட்டவர் விசாரணை அதிகாரி. அவர் முரண்பாடு தேடிக் கேட்டார். அந்தப் பழக்கத்தில் நாங்கள் இன்றைக்கும் அவருக்கே எழுதிக்கொண்டிருக்கிறோம். அதனால் சிரித்தது, சண்டை பிடித்தது, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினது, ஒன்றும் கொப்பியில் வருவதில்லை. அன்பானவர்களே, இந்தக் கொப்பியை எந்த அதிகாரியும் வாசிக்கப் போவதில்லை. உங்கள் பேரப்பிள்ளை வாசிக்கப் போகிறது. அதற்கு எழுதுங்கோ.

"எனக்குச் செந்தமிழ் வராது தம்பி" எண்டு சிலர் கொப்பி தராமலே விட்டார்கள். அவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 தொடக்கம் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஊரில் யார் என்ன கதைத்தார்கள், எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ் கலந்துதான். இன்றைக்கு வரலாறு படிப்பவர்கள் அதைத் தேடி வாசிக்கிறார்கள். அடுத்தவர் சிசிலித் தீவைச் சேர்ந்த வின்சென்சோ ரபீத்தோ. 1899இல் பிறந்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் கூலி வேலை செய்தவர், பிறகு றோட்டு வேலை. 1968இல் தொடங்கி 1975 வரை ஏழு வருடம் அறைக்குள் இருந்து, தட்டச்சு மெசினில் தன் வாழ்க்கையை 1027 பக்கம் அடித்தார். எழுத்துப் பிழைக்குக் குறைவில்லை. 1981இல் அவர் இறந்த பிறகு மகன் அதைப் பீவே காப்பகத்துக்கு அனுப்பினார். 2000ஆம் ஆண்டின் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. 2007இல் புத்தகமாக வந்தபோது நீளத்தைக் குறைத்தார்கள். ஆனால் அவருடைய பேச்சை இலக்கண இத்தாலிய மொழியாக மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அந்த மனுசன் அதில் இருந்திருக்க மாட்டார்.

இரண்டாவது, அமைப்பு. இதே ரபீத்தோ பக்கத்துக்கு ஓரம் விடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு அரைப்புள்ளி போட்டார். வாசிக்க வந்தவர்கள் திணறிப் போனார்கள். ஆகவே எழுத்து உயிராக இருந்தாலும் பக்கம் இடம் கொடுக்காவிட்டால் வாசிப்பவர் களைத்துவிடுவார். ஆனால் அமைப்பு என்றால் பூ வரைந்து மினுங்கல் கடதாசி ஒட்டுவது என்று நினைக்க வேண்டாம். பீவேயில் ஒரு கட்டில் விரிப்பு இருக்கிறது. கிளேலியா மார்க்கி என்ற விவசாயப் பெண், 1972இல் கணவன் இறந்த பிறகு, தங்கள் இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்துத் தன் வாழ்க்கையை அதில் பேனையால் எழுதினா. இருவருடைய படமும் மேலே. வரிகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறா. 1986இல் அதைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தா. எதில் எழுதினா என்பதே அந்தக் கதையின் பாதியைச் சொல்கிறது. அதோடு இலக்கம் போட்டதால் வழி தவறாமல் வாசிக்கவும் முடிகிறது. இதைத்தான் நான் நல்ல அமைப்பு என்பேன்.

எங்கள் கொப்பிகளுக்கு என்ன சொல்லலாம்? பக்கத்துக்கு இலக்கம் போடுங்கோ. இடது பக்கம் இரண்டு விரல் அகலம் ஓரம் விடுங்கோ, பிறகு ஞாபகம் வருவதை எழுத உதவும். திகதி தெரியாவிட்டால் "சின்னவன் பிறந்த வருடம் மாரி" என்றாலும் எழுதுங்கோ. படத்தின் பின்பக்கத்தில் யார், எங்கே என்று பென்சிலால் மெதுவாக எழுதுங்கோ. செலோரேப் ஒட்டாதேங்கோ, காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தையும் பழுதாக்கும். கடைத்துண்டு, பயணச்சீட்டு போன்றவற்றில் சூட்டால் அடித்த எழுத்து மங்கிப்போகும், அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கோ. போனில் எழுதுகிற பிள்ளைகள் அச்செடுத்தும் ஒன்று வையுங்கோ. போன் மாறினால் கதையும் போய்விடும்.

மூன்றாவது, ஈர்ப்பு. இதற்கு என் மகளிடம் சோதனை செய்தேன். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறா. எழுதினவர்களின் அனுமதியோடு நான்கு கொப்பிகளில் இருந்து ஒவ்வொரு பக்கம் வாசிக்கக் கொடுத்தேன். சேர்த்து எழுதிய கையெழுத்தில் இரண்டு பக்கம் அவவால் வாசிக்கவே முடியவில்லை. அச்செழுத்துத்தான் பிள்ளைகளுக்குப் பழக்கம். மூன்றாவது, இயக்கங்களினதும் ஒப்பந்தங்களினதும் பட்டியல். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டா. நான்காவது, ஒரு ஐயா அகதி முகாமில் முதன்முதலாகச் சோறு காய்ச்சப் போய், நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து, எல்லாரும் பனிக்குள் வெளியே ஓடின கதை. அதை முழுக்க வாசித்துவிட்டு, "அப்பா, மற்றப் பக்கம் எங்க?" எண்டு கேட்டா. சிரிப்புக்காக மட்டும் அல்ல. அடுத்த பக்கத்தில் அந்த ஐயா தன் அறைத் தோழர் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டதை எழுதியிருக்கிறார். பிள்ளை அதையும் வாசித்தது, கேள்வியும் கேட்டது. சிரித்துக்கொண்டு உள்ளே வந்தபடியால்தான் அந்த இடத்துக்கும் வந்தது.

இனி மிக முக்கியமான ஒன்று. ஒரு கொப்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதனால் யாருக்கும் ஆபத்து வரக்கூடாது. எங்கள் கதையில் வருகிற ஆட்களில் பலர் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். உதவி செய்தவரின் பெயரை நன்றியோடு எழுதுகிறோம். அந்த நன்றி அவருக்கே வினையாக முடியலாம். இதில் எங்களுக்கு ஒரு சின்னப் பிள்ளை வழிகாட்டி. அன்னா பிராங் 1942 யூன் மாதம் தன் 13ஆவது பிறந்தநாளில் கிடைத்த கொப்பியில் எழுதத் தொடங்கினா. 1944 மார்ச் 28ஆம் திகதி இலண்டனில் இருந்து ஒல்லாந்து அமைச்சர் ஒருவர் வானொலியில், சனத்தின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போர் முடிந்ததும் சேகரிக்க வேண்டும் என்று பேசினார். அதைக் கேட்ட பிறகு, மே மாதம் தொடக்கம், முதலில் எழுதியவற்றைத் தனி ஒற்றைகளில் திருத்தி எழுதினா. தேவையில்லாததை வெட்டினா, விளங்காததை விளக்கினா, கூட ஒளிந்திருந்தவர்களுக்கு வேறு பெயர் வைத்தா. 1944 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிடிபட்டார்கள். 1945இல் பேர்கன்-பெல்சன் முகாமில் இறந்தபோது அவவுக்கு 15 வயது. அறைக்குள் கிடந்த ஒற்றைகளை அவர்களுக்கு உதவிய பெண் ஒருவர் எடுத்து வைத்ததால்தான் 1947இல் புத்தகம் வந்தது. ஒளிந்திருந்த பிள்ளையே தன் எழுத்தைத் தானே மதிப்பிட்டுத் திருத்தினா என்றால், எங்களுக்கு அதில் வெட்கம் என்ன?

ஆகவே எங்கள் மூவருடைய தீர்மானம் இது. முதலாம், இரண்டாம் இடம் இல்லை. புள்ளியும் இல்லை. ஒவ்வொரு கொப்பியோடும் ஒரு பக்கக் கருத்து வைத்திருக்கிறோம். எது நன்றாக வந்திருக்கிறது, எங்கே வாசிப்பவர் தடக்குப்படுவார், எந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். எழுதினவர் விரும்பினால் திருத்தலாம், விரும்பாவிட்டால் எங்கள் ஒற்றையைக் கிழித்து எறியலாம். இப்போது யாரும் வாசிக்கக் கூடாது என்றால் உறையில் இட்டு ஒட்டி, எந்த ஆண்டு திறக்கலாம் என்று மேலே எழுதித் தாருங்கள்.

தந்த கொப்பி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி எடுக்கச் சங்கம் ஒத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று இங்கே, ஒன்று வேறு நகரத்தில். 1981 யூனில் யாழ் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பது என்ன முடிவைத் தரும் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னும் எழுதாதவர்கள் சித்திரை விடுமுறையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கோ. முதல் பக்கத்தில் பெரிய விஷயம் எழுத வேண்டாம். நீங்கள் பிறந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று தொடங்குங்கோ. மிச்சம் தானாக வரும்.