எமது மண்டபத்துப் பனங்கைமரங்கள்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் அமர்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் கூரையைக் கழற்றி இரும்புச் சட்டமும் தகரமும் போடுவதா, பழைய மரத்தையே திருத்துவதா என்பது இன்று எம்முன் உள்ள கேள்வி. முடிவெடுக்குமுன் எமது தலைக்கு மேலே இருப்பது என்னவென்று அறிந்துகொள்வோம்.

முகட்டு வளையிலிருந்து சுவர்வரை சரிந்திறங்குபவை கைமரங்கள். அவற்றின்மேல் குறுக்கே ஓடுபவை சலாகைகள். இரண்டும் பனை. கதவு நிலைகளோ வன்னிக் காட்டு முதிரை.

முதிரைக்கும் வேம்புக்கும் பலாவுக்கும் வைரம் உள்ளே இருக்கும். பனைக்கு அது வெளியே. நடுவில் இருப்பது மெதுவான சோறு. புறத்தே வைரமுள்ளதைப் புல் என்றும் அகத்தே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. அதனாலேயே எமது தச்சர்கள் முதிர்ந்த பனையை நெடுக்காகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி நீக்கி, கருவைரத்தை மட்டும் கூரைக்கு ஏற்றினார்கள்.

இந்த மரத்துக்கு எதிரி வயதன்று, ஈரம். ஓடு உடைந்து ஒழுகும் இடத்திலும் சுவருக்குள் புதைந்த நுனியிலும் ஈரம் தங்கும். அங்கேதான் மரம் உக்கும், கறையானும் வரும். சென்ற மாதம் ஆசாரியார் ஏணி வைத்து ஒவ்வொரு கைமரத்தையும் தட்டிப் பார்த்தார். நல்லது கணீரென்றது, உக்கியது பொத்தென்றது. மேற்குப் பக்கத்து நுனிகள் சில மட்டுமே பழுது.

இரும்பு விரைவாக ஏறும், கறையான் அதைத் தொடாது என்பது உண்மையே. ஆனால் எமது கடற்காற்றில் அது துருப்பிடிக்கும். தகரத்தின் கீழ் மத்தியான வெயிலில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். கார்த்திகை மழையில் ஆசிரியரின் குரலும் கேளாது.

கழற்றிய மரத்துக்கு ஈடு தேடுவதும் இலகுவன்று. போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்டன. அந்தப் பனங்குற்றிகளின் கீழ் ஒடுங்கியிருந்து உயிர் தப்பியவர்கள் எம்மிடையே பலர். எஞ்சிய பனைகளைக் காக்க வேண்டியதும் எமது கடமை. பெண்பனையைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும். வடலி வைரமேறப் பல பத்தாண்டுகள் செல்லும்.

ஆகவே எமது வேண்டுகோள் இது: உக்கிய நுனிகளை வெட்டி, பிரிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் பனைமரத்தைப் பொருத்துவோம். ஓட்டை மாற்றி அடுக்குவோம். பீலிகளைத் திருத்துவோம். ஆண்டுதோறும் மாரிக்கு முன் கூரையைப் பார்க்க ஒருவரை நியமிப்போம். உலகெங்கும் வாழும் சகோதரிகள் இதற்குக் கைகொடுக்க வேண்டும்.

இன்னுமொன்று. வரும் புரட்டாதியில் வளவின் வேலியோரம் மாணவிகளைக் கொண்டு பனங்கொட்டை ஊன்றுவோம். அவை எமக்குக் கைமரமாகப் போவதில்லை. இந்தக் கூரையில் உள்ள பனைகளை நட்டவர்களும் இந்த மண்டபத்தைக் கண்டிருக்க மாட்டார்கள்.