முள்ளுக்குள் ஒரு குடியிருப்பு
(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள மல்லேஸ்வரத்தில் கூடியிருக்கும் நமக்குக் கடல்மீனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவக்கூடும். நம்முள் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்கள் உளர், அவர்கள் வினவமாட்டார்கள்.

பார்களின் இடுக்கில் கரிய நிறமும் ஊசி போன்ற நீண்ட முட்களும் உடைய கடல் முள்ளெலி வாழ்கிறது. அதனை மிதித்தவருக்கே அதன் பெருமை விளங்கும். முள் காலில் பாய்ந்து உள்ளேயே ஒடிந்துவிடும். எளிதில் பிடுங்க இயலாது. கண் என்று சொல்லத்தக்க உறுப்பு அதற்கு இல்லை. ஆயினும் மேலே நிழல் படிந்த அக்கணமே முட்களையெல்லாம் அத்திசை நோக்கித் திருப்பிவிடும்.

இத்தகைய கொடிய வேலிக்குள் குடித்தனம் நடத்தும் சிறுமீன்கள் உண்டு. தலைகீழாய்ச் செங்குத்தாக நின்று, தம் மெல்லிய உடலையும் ஒரு முள்போல் காட்டுவன சில. நாம் இன்று கூற விழைவது சைபாமியா என்னும் விரல்நீள மீனைப் பற்றி. பகலெல்லாம் அது கூட்டமாக முட்களிடையே ஒடுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் இரைதேடப் புறப்படும். விடியுமுன் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். ஒகினாவாத் தீவில் ஆராய்ந்தோர் இதனைக் கண்டறிந்துள்ளனர். முட்டைகளை வாயிலேந்திக் காப்பது தாயன்று, தந்தை. (தாய்மார்கள் புன்னகைப்பது தெரிகிறது.)

இம்மீனின் வயிற்றில் ஒரு விளக்கு உண்டு. அவ்வொளி மீனுடையதன்று, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்களுடையது. பிறக்கும்போது குஞ்சுக்கு அவை இல்லை. பின்னர்க் கடல்நீரிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. முள்ளுக்குள் மீன், மீனுக்குள் ஒளியுயிர்! அந்த நுண்ணுயிரின் பெயரைக் கேட்டால் நாம் நிமிர்ந்து உட்காருவோம்: போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். ஆம், பாம்பன் பாலத்திற்கு இப்பாலுள்ள நம் மண்டபமே! 1947இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் அவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. பின்னரே தலைமையகம் கொச்சிக்குச் சென்றது. ஒகினாவா மீனின் வயிற்றில் நம் ஊர்ப்பெயர் ஒளிர்கிறது என்பதில் நமக்குச் சிறிது செருக்குத் தோன்றினால் தவறில்லை.

ஆனால் குடியிருக்க வீடு வேண்டுமே! 1983–84இல் கரீபியக் கடலில் ஒரு நோய் பரவி, இவ்வினத்தைச் சேர்ந்த முள்ளெலிகள் பெரும்பாலும் மாண்டன. பாசியை மேய்வதற்கு ஆளின்றிப் பவளப்பாறைகளைப் பாசி மூடிற்று. 2022 முதல் செங்கடலிலும் அவ்வாறே சாவு நேர்ந்தது. நம் மன்னார் வளைகுடாவிலோ கேட்டைச் செய்தவர் மனிதரே. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தனர். 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீரில் அமிழ்ந்துவிட்டன. 1986இல் அத்தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன. அமிழ்ந்த தீவு அமிழ்ந்ததுதான்.

விடுமுறையில் நம் குடும்பங்கள் பல இராமேசுவரம் செல்வது வழக்கம். அடுத்த முறை மண்டபத்தில் ஒரு பொழுது இறங்கி, குழந்தைகளுக்கு அக்கடலைக் காட்டுவோம். கடற்கரையில் எவரேனும் வெண்பவளக் கல்லை விற்க வந்தால், விலை கேளாமலே திரும்பி வருவோம்.