தகடூர்: கவியும் கல்லும் காத்த ஊர்



பாப்பிரெட்டிப்பட்டியில் கூடியுள்ள இவ்வவை, பழந்தகடூர் மண்ணிலேயே கூடியுள்ளது. தருமபுரி என்பது பின்னாளில் வந்த பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இப்பகுதி தகடூர் நாடு என்றே குறிக்கப்படுகின்றது. அவ்வூரின் தொடக்க வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்கும் சான்றுகள் இரண்டே: ஒன்று கவி, மற்றொன்று கல்.

கவி தரும் செய்தி செழுமையானது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனியை ஔவையாருக்கு ஈந்ததும், அவ்வம்மையார் அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றதும் அனைவரும் அறிந்தவை. அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்றும், அவன் கோவலூரை வென்றான் என்றும் புறநானூறு கூறுகின்றது.

இவையெல்லாம் புலவர் புனைவோ என ஐயுற்றோர்க்குக் கல் விடை தந்தது. அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் குறித்தார். அச்சதியபுத்திரர் யாவர் என அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981இல் ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, 'சதியபுதோ' என்னும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி பாளி ஈந்ததைச் சொல்லிற்று. அந்த ஜம்பை இருப்பது, அவன் வென்றதாகப் புலவர் பாடிய கோவலூருக்கு அருகில்! பாட்டும் பாறையும் ஒன்றையொன்று மெய்ப்பித்த அரிய இடம் அது.

பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். வென்றவனை அரிசில் கிழார் பாடினார். மாண்டவனுக்காக ஔவையார் கையறுநிலை பாடினார். இருதரப்புக் குரலும் இன்றும் கேட்கின்றன. ஆயின் அப்போரையே பொருளாகக் கொண்ட 'தகடூர் யாத்திரை' முழுமையாகக் கிட்டவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சிய சில பாடல்களே அதன் நினைவாக உள்ளன. கோட்டை வீழ்ந்தது பகைவரால். நூல் வீழ்ந்ததோ படியெடுப்பார் இன்மையால்.

கோட்டை வீழ்ந்தும் குடி அழியவில்லை. பல்லவர் காலத்தில் நாமக்கல் குடைவரையில் அதியர் பெயர் ஒலிக்கின்றது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்து விடுகாதழகிய பெருமாள், போளூரை அடுத்த திருமலையில் தன் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்கன், இயக்கி திருவுருவங்களைப் புதுப்பித்து, தன்னைத் தகடூர்த் தலைவனாகவே பொறித்துக்கொண்டான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஊர்ப்பெயரே அக்குடிக்கு முடியாக விளங்கிற்று.

அரசர்க்குப் புலவர் இருந்தனர். ஆநிரை மீட்டு மாண்ட எளிய மறவர்க்கு யார் இருந்தனர்? அவர்க்கு நடுகல்லே காப்பியம். தருமபுரி மாவட்டத்தின் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் அத்தகைய கற்கள் நிற்கின்றன. சிலவற்றை மக்கள் வேடியப்பன் என வணங்குகின்றனர். வழிபாடே அவற்றைக் காத்தது. வணங்குவார் அற்ற கல் துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் மாறிவிடும். அவ்வாறு தேயும் ஒவ்வோர் எழுத்தும் மற்றுமொரு தகடூர் யாத்திரையின் இழப்பே.

பத்தாண்டு நிறைவுற்ற இவ்விலக்கிய வட்டத்தின் முன் உள்ள பணி தெளிவு. தத்தம் ஊர்க் கல்லைக் கண்டு, அது நிற்கும் இடத்தைக் குறித்து, எழுத்தைப் படியெடுத்துத் தொல்லியல் துறைக்கு அறிவிக்க ஒவ்வொரு கவிஞராலும் இயலும். ஔவையார் அஞ்சிக்குச் செய்ததை, பெயரறியா மறவனுக்கு இன்றைய கவிஞர் செய்தல் வேண்டும். தகடூரின் எஞ்சிய வரலாறு அவர்தம் கையில் உள்ளது.

வாழ்க தமிழ்!