யுத்தமும் காதலும்

(புதுவையில் வாலிபர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், யுத்தத்திற்குப் பிறகு வாலிபர்களின் காதல் என்பதாகும். காதல் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பெரியவர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கின்றார்கள். வாலிபர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கின்றார்கள். சுளிப்பதற்கும் சிரிப்பதற்கும் இதில் ஒன்றுமில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் இஷ்டப்படி சேர்ந்து வாழ்வது என்பது அரிசி பருப்புப் போல வாழ்க்கைக்கு வேண்டிய ஒரு காரியமேயாகும். ஆகையால் அரிசி விலையைப்பற்றிப் பேசுவது போலவே இதையும் வெளிப்படையாய்ப் பேசுவோம்.

இந்தப் புதுவைக்கும் யுத்தத்திற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். தலை குனிந்து நிற்கும் சிப்பாயின் சிலையோடு ஒரு ஞாபகச் சின்னம் இருக்கின்றது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பிரான்சுக்காக மாண்ட இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக அது 1938இல் திறக்கப்பட்டது. அடுத்த வருஷமே அதைவிடப் பெரிய யுத்தம் வந்துவிட்டது. செத்தவனுக்குக் கல் நாட்டுகின்ற கெட்டிக்காரத்தனம் சர்க்கார்களுக்கு உண்டே தவிர, சாகாமல் தடுக்கும் கெட்டிக்காரத்தனம் இல்லை.

அதற்குப் பிறகும் நம் பிள்ளைகள் விட்ட பாடில்லை. 1946 முதல் 1954 வரை இந்தோ சீனாவில் பிரஞ்சுக்காரருக்கும் அந்நாட்டு மக்களுக்கும் நடந்த யுத்தத்தில், பிரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு புதுவை, காரைக்கால் வாலிபர்களும் இருந்தார்கள். "சொல்தா" என்று நாம் சொல்லுகின்றோமே, அவர்கள்தான். 1954 மே மாதம் 7ந் தேதி தியன் பியன் பூவில் பிரஞ்சுப் படை தோற்றது. அதே வருஷம் நவம்பர் 1ந் தேதி புதுவையிலும் பிரஞ்சு ஆட்சி கைமாறிற்று. எந்தச் சர்க்காருக்காக உயிரைப் பணயம் வைத்தார்களோ, அந்தச் சர்க்கார் அங்கும் போயிற்று, இங்கும் போயிற்று.

இவர்கள் ஏன் போனார்கள்? வீரத்திற்காகவா? பெரும்பாலும் வயிற்றிற்காகவும், சம்பளம் பென்ஷனுக்காகவும் போனார்கள். மரியாதைக்காகப் போனவர்களும் உண்டு. இதே ஊரில் 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வக்கீல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தது குற்றமாகக் கருதப்பட்டது. 1881இல், ஜாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சு சிவில் சட்டத்திற்குள் வர எவனுக்கும் உரிமை உண்டு என்று ஓர் உத்தரவு பிறந்தது. அப்படித் துறந்தவர்களுக்குச் சைகோனில் உத்தியோகமும், வெள்ளைக்காரனோடு ஒப்ப ஓட்டும் கிடைத்தன. இங்கே வீதியில் ஒதுங்கி நடக்க வேண்டியவன் அங்கே தலை நிமிர்ந்து நடந்தான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் நாட்டை ஆண்டவனுக்கு ஆளாகி, தன்னைப் போலவே அடிமைப்பட்ட இன்னொரு நாட்டானை அடக்கப் போனதுதான் அந்த யுத்தம். அதில் பெருமை பேச இடமில்லை.

இனி, அங்கு போன ஒரு பையனை உதாரணமாக எண்ணிப் பாருங்கள். பத்தொன்பது வயது இருக்கும். உப்பளத்துக்காரனோ, முத்தியாலுப்பேட்டைக்காரனோ, யாரோ ஒருவன். ஊரில் இருந்த வரையில் எந்தப் பெண்ணின் முகத்தையும் நேருக்கு நேராய்ப் பார்த்துப் பேசினவனல்ல. அவனுக்கு எதிரில் அந்நாட்டுப் பெண் ஒருத்தியையும் எண்ணிப் பாருங்கள். 1945இல் அந்நாட்டின் வடபாகத்தில் பஞ்சத்தால் லட்சக்கணக்கான பேர் மாண்டார்கள். பஞ்சம் போய் யுத்தம் வந்தது. தகப்பனை இழந்தவள், அண்ணனை இழந்தவள், கடைவீதியில் பழம் விற்றுத் தாயைக் காப்பாற்றுகின்றவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவனுக்கு அவள் பாஷை தெரியாது; அவளுக்கு இவன் பாஷை தெரியாது. இருவருக்கும் அரைகுறையாய்த் தெரிந்தது அதிகாரியின் பாஷையாகிய பிரஞ்சு ஒன்றே. பழத்தின் விலையில் ஆரம்பித்த பேச்சு, "உன் தாய் எப்படியிருக்கின்றாள்?" என்பதில் வந்து நிற்கின்றது. நேற்று வரையில் விலைக்காக வாதாடியவள், இன்று அவன் ஒரு நாள் வராவிட்டால் பாதையைப் பார்க்கின்றாள். இதில் ஜாதகம் பார்த்தவர் யார்? பொருத்தம் பார்த்தவர் யார்? தரகு வாங்கினவர் யார்?

இப்படிச் சேர்ந்து, வியத்நாம் பெண்களை மனைவியராய் அழைத்துக்கொண்டு திரும்பிய சொல்தாக்கள் இந்த ஊரில் பலர். 1954க்குப் பின் வந்தவர்கள் உண்டு. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்த சமயத்தில் பெட்டியும் குழந்தையுமாய் வந்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் தமிழ் பேசக் கற்றார்கள், சேலை கட்டக் கற்றார்கள். அரிசித் தாளில் கறியை வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் அவர்கள் நாட்டுப் பலகாரத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

தோழர்களே! யுத்தத்திலிருந்து வருகின்றவனுக்குக் காயம் உடம்பில் மாத்திரமல்ல. இரவில் திடுக்கிட்டு எழுவான். பட்டாசுச் சத்தத்தில் நடுங்குவான். மணிக்கணக்காய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பான். நம் ஜனங்கள் இதற்கு என்ன சொல்லுவார்கள்? "பேய் பிடித்துவிட்டது, கடல் தாண்டிப் போன தோஷம்" என்று வேப்பிலையும் உடுக்கையும் கொண்டுவருவார்கள். 1915இலேயே இங்கிலீஷ் வைத்தியர் ஒருவர், குண்டு வெடிப்பின் அதிர்ச்சி என்று இதற்குப் பெயரிட்டு எழுதினார். 1980இல் அமெரிக்க மனோவைத்தியர்கள் இதைத் தங்கள் வியாதிப் பட்டியலில் சேர்த்தார்கள். இது மனதில் பட்ட காயம், வைத்தியம் உண்டு, வைத்தியத்தோடு கூட, பயப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்கின்ற ஒரு மனித உயிரும் வேண்டும். அதே பீரங்கிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பெண்ணைவிட அதற்குத் தகுந்தவர் யார்? அவள் திடுக்கிடும்போது அவன் விளக்கை ஏற்றுவான். அவன் திடுக்கிடும்போது அவள் ஏற்றுவாள். காதல் என்று நாம் சொல்லுவது இதைத்தான். சந்திரனையும் குயிலையும் பற்றிப் புலவர்கள் பாடுவதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

ஆனால் அவ்விருவரும் ஊருக்கு வந்து இறங்கியவுடன் சுற்றத்தார் கேட்ட முதல் கேள்வி என்ன? "பிழைத்து வந்தாயா?" என்பதா? "இவள் என்ன ஜாதி?" என்பதேயாகும். ஜாதியே இல்லாத நாட்டிலிருந்து வந்தவளுக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்லக்கூட அவனால் முடியாது! குண்டுக்குத் தப்பியவர்கள் பந்தியில் தனி இலைக்குத் தப்பவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். 1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பினவர்கள் பிரஞ்சுப் பிரஜையாய் இருக்கலாம் என்று ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களுக்குக் கலியாணச் சந்தையில் ஏற்பட்ட கிராக்கி உங்களுக்குத் தெரியாததல்ல. வியத்நாம்காரி மகன் என்று மூக்கைச் சுளித்தவன், அந்த மகனிடம் பிரஞ்சு பாஸ்போர்ட் இருக்கின்றது என்று தெரிந்தவுடன் தாம்பூலத்தோடு வாசலில் நிற்கின்றான். இப்போது ஜாதி எங்கே போயிற்று? சாஸ்திரம் எங்கே போயிற்று? காதலுக்கு வளையாத ஜாதி பாஸ்போர்ட்டுக்கு வளைகின்றதென்றால், அது தெய்வம் ஏற்படுத்தியதல்ல. லாபக் கணக்கே என்பது விளங்கவில்லையா?

காதலித்தவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. அங்கே ஒருத்தியோடு வாழ்ந்து, குழந்தையும் பெற்று, கப்பல் வந்தவுடன் சொல்லாமல் ஏறினவர்களும் உண்டு. இங்கே மனைவியிருக்க அங்கே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் செய்தது காதலல்ல. யுத்தத்தில் பட்டாளம் செய்கின்ற கொள்ளையில் அதுவும் ஒரு வகை. பொறுப்பை ஏற்காதவனுக்குக் காதல் என்ற வார்த்தையைச் சொல்ல வாய் கூடாது.

அன்றியும், முதற் காதல் ஒன்றே காதல் என்று ஒரு மூடநம்பிக்கை நம்மிடம் இருக்கின்றது. காதலன் போர்க்களத்தில் மாண்டால் அவள் காலமெல்லாம் அழுதுகொண்டே இருக்க வேண்டுமாம். காதலி மாண்டால் அவன் மாத்திரம் வருஷம் திரும்புமுன் மாலை மாற்றிக் கொள்ளலாமாம்! முதற் காதல் என்றால் முதலில் வந்தது என்று அர்த்தமே தவிர, கடைசி என்று அர்த்தமல்ல. செத்தவனை நினைத்துக்கொண்டே உயிரோடு இருப்பவனை நேசிக்க ஒரு பெண்ணால் முடியும், அது துரோகமாகாது. 1929இல் செங்கற்பட்டு மகாநாட்டில் விதவைகள் மறுமணத்திற்கும், பெண்கள் தாங்களே துணையைத் தெரிந்தெடுப்பதற்கும் தீர்மானம் செய்ததன் கருத்து இதுதான்.

இதெல்லாம் பழங்கதை என்று எழுந்துவிடாதீர்கள். இந்த ஊருக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கின்றது. 1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த யுத்தத்திற்குத் தப்பி வந்த தமிழர்களுக்காக ஏற்பட்டது. அங்கே பிறந்து வளர்ந்த வாலிபனும் உள்ளூர்ப் பெண்ணும் நேசித்தால், அங்கேயும் "எந்த ஜாதி?" என்ற கேள்வி இருக்கின்றது, அதற்கு மேல் "எந்த நாட்டுப் பிரஜை?" என்ற கேள்வியும் இருக்கின்றது. 2019இல் செய்த குடியுரிமைச் சட்டத் திருத்தத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. யுத்தத்தில் தகப்பன் இழந்த வீட்டைப் பிள்ளை ஒரு கலியாணத்தால் கட்டிக்கொள்ளப் பார்த்தால், கையிலுள்ள காகிதம் குறுக்கே நிற்கின்றது.

யுத்தமில்லாத ஊரிலாவது க்ஷேமமா? 2016 மார்ச்சில், ஜாதி விட்டுக் காதல் கலியாணம் செய்துகொண்ட சங்கர் என்ற கல்லூரி வாலிபர் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எந்தப் பட்டாளத்திற்கும் போகவில்லை, கடைவீதிக்குத்தான் போனார். வயது வந்த இருவர் கலியாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ ஜாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாய்ச் சொல்லிவிட்டது. ஆனால் 1954இல் செய்த தனித் திருமணச் சட்டமோ, முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் ஒட்டச் சொல்லுகின்றது. அந்த நோட்டீஸை முதலில் படிக்கின்றவன் யார்? அரிவாளைத் தீட்டுகின்றவன்தான்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு கேள்வி. பதினேழரை வயதில் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளுகின்றார்கள். அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, யாரைக் கொல்வது, எப்போது சாவது என்ற பொறுப்பை ஒப்படைக்கின்றோம். அதற்கு அவன் பெரியவன்! அதே பிள்ளை இருபத்தைந்து வயதில், "இந்தப் பெண்ணோடு வாழ விரும்புகின்றேன்" என்றால், "சிறு பையனுக்கு என்ன தெரியும்?" என்கின்றோம். சாவதற்கு வந்த புத்தி வாழ்வதற்கு வராதா? பெண்ணுக்கோ, அந்தக் கேள்வியைக் கேட்கவே வாய் கொடுப்பதில்லை.

ஆதலால், வாலிபர்களே! சட்டம் சொல்லும் வயது வரட்டும். உங்கள் காலில் நிற்கும் தொழில் வரட்டும். பிறகு நன்றாய் யோசித்துத் துணையைத் தெரிந்தெடுங்கள். தெரிந்தெடுத்த பின் கைவிடாதீர்கள். பெரியவர்களே! உங்கள் பிள்ளை மனம் உடைந்து எங்கிருந்து திரும்பினாலும், அவன் பக்கத்தில் நிற்பவளின் ஜாதியைக் கேட்காதீர்கள், "சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையில் பாதிக் காயம் ஆறிவிடும்.