யாருக்கு ஆபரேஷன்?

(ஆரணியில் நெசவுக் குடும்பப் பெண்களிடையே பேசியது)



“ஆம்பளைக்கு ஆபரேஷன் பண்ணிட்டா தறி மிதிக்க முடியாது” என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தார் சுற்றி, தண்ணி தூக்கி, அடுப்பும் ஊதுகிற பொம்பளை உடம்பு மட்டும் என்ன இரும்பா?

கருத்தடை வசதியை அரசே தரவேண்டும் என்ற தீர்மானம் 1938 நவம்பர் 10-இல் பம்பாய் சட்டசபைக்கு வந்தது. அண்ணல் அம்பேத்கர் சார்பில் ரோகம் பேசினார். பிரசவ வலியை ஆண் பட்டால் ஒரு பிள்ளைக்கு மேல் பெறமாட்டான் என்றது அந்த உரை. ஆதரவு 11, எதிர்ப்பு 52. தோற்றது.

இன்றைக்கு? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அன்றைக்கே வீடு திரும்பலாம். சில நாள் ஓய்வு, மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை. அவ்வளவுதான். ஆண்மையும் போகாது, தறி மிதிக்கிற பலமும் போகாது.

சேரிப் பொம்பளைங்க பெத்துப் போடுறதாலதான் வறுமை என்பவனிடம் நிலமும் கூலியும் எங்கே என்று கேளுங்கள். நமக்குக் கருத்தடை அவன் கணக்குக்காக அல்ல, நம் உடம்புக்காக. காப்பர்-டி, மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் நர்சம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவு உங்களுடையது.

இன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் இந்தப் பேச்சை எடுங்கள்.